விளையும் கொடியும்: குமரி நாவல்களில் சொத்து, வர்க்கம், கட்சி

1

திருவட்டாறு என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது இல்லாமல் போயிற்று. அதற்குமுன் நடந்த கடைசித் தேர்தலில், 2006ல், அங்கே ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் லீமா ரோஸ். பக்கத்துத் தொகுதியான விளவங்கோட்டிலும் அந்த முறை மார்க்சிஸ்ட் கட்சிதான். எட்டு வருடம் கழித்து, 2014ல், கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பாரதிய ஜனதாவின் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். 2019ல் அதே தொகுதியில் காங்கிரஸின் எச். வசந்தகுமார். வேட்புமனுவில் அவர் காட்டிய சொத்து நானூறு கோடிக்கு மேல்.

பதின்மூன்று வருடத்தில் செங்கொடி, காவி, மூவர்ணம். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் அதே ஆட்கள். விடிகாலையில் தலையில் லைட் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவர்கள், அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள், கொத்தனார்கள், கல்ஃப் பணத்தில் வீடு கட்டியவர்கள், இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர்கள்.

கூட்டணிக் கணக்கு என்று இதை ஒரே வரியில் முடித்துவிடலாம். 2006லும் 2019லும் காங்கிரஸும் மார்க்சிஸ்டும் ஒரே கூட்டணி. 2014ல் ஆளாளுக்குத் தனியாக நின்றார்கள். எல்லாம் சரி. ஆனால் யார் ஜெயித்தார் என்பதை மட்டும்தான் கூட்டணிக் கணக்கு சொல்லும். ஒரு மனிதன் தன்னை "நாங்க காங்கிரஸ் குடும்பம்" என்றோ "நாங்க பார்ட்டிக்காரங்க" என்றோ சொல்லிக்கொள்ளும்போது அந்த "நாங்க" எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லாது. சம்பளம், சொத்து, வர்க்கம் ஆகியவற்றுக்கும் அந்த "நாங்க"வுக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்ல வேண்டியது யார்? நாவல்தான் என்பது என் எண்ணம். குமரி மாவட்டம் அளவுக்கு நாவல்கள் எழுதப்பட்ட மாவட்டம் தமிழ்நாட்டில் குறைவு. அந்த நாவல்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொத்து எப்படி வந்தது, எப்படிப் போனது என்று குமரி நாவலுக்கு நன்றாகத் தெரியும். கட்சி எப்படி ஒரு மனிதனுக்குள் போய் உட்கார்ந்தது என்பதை அது இன்னும் எழுதவில்லை. நம் விமர்சகர்களும் அதைக் கேட்கவில்லை.

2

இந்தக் கேள்வி உலகம் முழுக்கப் பிரபலமானது அமெரிக்காவில் இருந்துதான். 2004ல் தாமஸ் ஃபிராங்க் தன் சொந்த மாநிலமான கன்சாஸைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கன்சாஸுக்கு என்ன ஆச்சு என்பதுதான் தலைப்பின் பொருள். ஏழைகளும் உழைக்கிறவர்களும் நிறைந்த ஊர், பணக்காரர்களின் வரியைக் குறைக்கும் குடியரசுக் கட்சிக்கு ஏன் ஓட்டுப் போடுகிறது? கருக்கலைப்பு, மதம், கலாச்சாரம் என்று கோபத்தைத் திருப்பிவிட்டு அவர்களுடைய பொருளாதார நலனைப் பறித்துவிட்டார்கள் என்பது அவர் பதில். சுருக்கமாக, ஏழை ஏமாந்துவிட்டான்.

நம் டைம்லைனிலும் ஒவ்வொரு தேர்தல் முடிவன்றும் இதே பதில்தான் ஓடுகிறது. காசு வாங்கிக்கொண்டு போட்டுவிட்டார்கள், சாதி பார்த்துப் போட்டுவிட்டார்கள், மதம் பார்த்துப் போட்டுவிட்டார்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். இன்ஜினியரிங் படித்து, சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து, மாலையில் நாவல் படிக்கிறவர்கள். நாம் நம் வருமானவரியைக் கூட்டும் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் அதற்குப் பெயர் கொள்கை. மாமியோ சித்தப்பாவோ தன் கூலியைக் கூட்டாத கட்சிக்குப் போட்டால் அதற்குப் பெயர் ஏமாளித்தனம். நலனைத் தாண்டி யோசிக்கும் உரிமை சம்பளம் அதிகமுள்ளவனுக்கு மட்டும்தானா?

2018ல் தாமஸ் பிக்கெட்டி பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்து எழுதிய ஒரு ஆய்வில் 'பிராமண இடது, வணிக வலது' என்று பெயர் வைத்தார். ஐம்பதுகளில் இடதுசாரிக் கட்சிகளுக்கு ஓட்டுப் போட்டது குறைவாகப் படித்தவர்கள், கூலிக்காரர்கள். மெல்ல மெல்ல அது பட்டதாரிகளின் கட்சியாக மாறிப்போயிற்று. சொத்துள்ளவர்களில் பெரும்பகுதி வலதுபக்கமே இருந்தார்கள். இரண்டு மேட்டுக்குடிகள், இரண்டு கட்சிகள். நடுவில் நின்ற கூலிக்காரன் எந்தக் கூட்டத்தில் தன் குரல் கேட்கிறதோ அங்கே போகிறான். "அவன் ஏன் நம்மகூட இல்ல?" என்று பட்டதாரி ஆச்சரியப்படுகிறான். அந்த ஆச்சரியமே ஒரு வர்க்கக் குரல் என்பது அவனுக்குத் தெரிவதில்லை.

கட்சியின் பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் ஆள் மாறிவிடுவது அமெரிக்காவில் பழைய கதை. லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சி. தெற்கில் அடிமைமுறையை ஆதரித்த பண்ணையார்களின் கட்சி ஜனநாயகக் கட்சி. 1964ல் குடியுரிமைச் சட்டம் வந்தபின் தெற்கின் வெள்ளையர்கள் படிப்படியாகக் கட்சி மாறினார்கள். கட்சிப் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் வர்க்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பெயர் எந்தச் சண்டையில் முதலில் உச்சரிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

3

குமரியில் காங்கிரஸ் என்ற பெயர் உச்சரிக்கப்பட்ட சண்டை வேறு. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. நிலமும் அதிகாரமும் கோயிலும் மேல்சாதிகளின் கையில். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகம் 1859 அரசாணையில்தான் ஓரளவு முடிவுக்கு வந்தது. அந்த நினைவு தீராத மண்ணில், 1940களின் நடுவில், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் உருவாயிற்று. மார்ஷல் நேசமணி அதன் முகம். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை.

1954 ஆகஸ்ட் 11ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை. அவருடைய கட்சியைச் சேர்ந்த ராம் மனோகர் லோகியாவே அவர் பதவி விலக வேண்டும் என்றார். அவர் விலகவில்லை. யோசித்துப் பாருங்கள். புத்தகத்தின்படி பார்த்தால் ஏழைகளின் கட்சி சோஷலிஸ்ட். மார்த்தாண்டம் சந்தையில் நின்றவனுக்கு அது துப்பாக்கி எடுத்த கட்சி.

தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் மொழி, சுயமரியாதை என்ற இரண்டு சொற்களும் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பெயரோடு சேர்ந்து வந்தன. இங்கே அந்த இரண்டு நாற்காலிகளிலும் காங்கிரஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. நேசமணியின் கட்சி பிறகு இந்திய தேசிய காங்கிரஸோடு கலந்தது. 1967ல் தமிழ்நாடெங்கும் கழகம் அடித்துச் சென்றபோது விருதுநகரில் காமராஜரே தோற்றார். நேசமணி இறந்ததால் நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு 1969ல் இடைத்தேர்தல் வந்தது. காமராஜர் இங்கே வந்து நின்று ஜெயித்தார். 1971ல் மறுபடியும் ஜெயித்தார். தமிழ்நாட்டில் அவருடைய கட்சிக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் அதுதான்.

அந்தத் தேர்தலில் ரப்பர் எஸ்டேட் முதலாளியும் பனையேறியும் ஒரே சின்னத்தில் குத்தினார்கள். இதை வைத்து முதலாளி ஏழையை ஏமாற்றினான் என்று ஒரு நாவல் எழுதலாம். சாதி வர்க்கத்தை விழுங்கிவிட்டது என்று இன்னொரு நாவல் எழுதலாம். இரண்டும் தட்டையாக இருக்கும். முதலாளி போட்ட ஓட்டுக்கும் பனையேறி போட்ட ஓட்டுக்கும் அர்த்தம் ஒன்றில்லை. முதலாளிக்கு அது நிலத்தையும் வியாபாரத்தையும் காப்பாற்றும் ஏற்பாடு. பனையேறிக்கு அது, தன் பாட்டி கால்மாறி நின்ற தெருவில் தான் நேராக நடக்கிறேன் என்பதற்கான சாட்சி. சொத்தே சேர்க்காத ஒருவர் தலைவராக இருந்தது அந்த இரண்டு அர்த்தங்களையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்க உதவியது.

4

இனி நாவல்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964ல் வந்தது. அதில் கட்சியே கிடையாது. என்றாலும் இந்த விஷயத்துக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் இந்த மண்ணில் வர்க்கம் என்றால் என்ன என்று அதைவிடத் துல்லியமாகச் சொன்ன நாவல் எனக்குத் தெரிந்து இல்லை.

பனைவிளை என்ற கிராமம். பழைய பெருமை மிச்சமிருக்கும், பணம் மிச்சமில்லாத ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் லிஸி. அவள் மனம் போவது பனையேறி மகன் தங்கராஜிடம். இரண்டு பேரும் ஒரே சாதி, ஒரே கிறிஸ்தவ மதம். சாதி தடையில்லை, மதம் தடையில்லை. தடையாக நிற்பது ஒன்றுதான்: அவன் வீட்டார் பனையேறுகிறார்கள், இவள் வீட்டார் பனையேற ஆள் வைத்திருந்தார்கள்.

சாதிக் கட்டுரைகளும் வர்க்கக் கட்டுரைகளும் தவறவிடும் இடம் இது. 'நாடார்' என்று தேர்தல் ஆய்வாளர் ஒரே கட்டத்தில் போட்டுவிடும் பெயருக்குள் ஹெப்சிபா ஒரு முழுப் படிக்கட்டைக் காட்டுகிறார். அதில் ஏறுவதும் இறங்குவதும் பணத்தால் மட்டும் நடப்பதில்லை. வீட்டின் பெயர், படிப்பு, யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், கோயிலில் யார் முன்னால் நிற்கலாம் என்பதெல்லாம் சேர்ந்து நடக்கிறது. லிஸியின் வீட்டில் சோற்றுக்குக் கஷ்டம் வந்துவிட்டது. என்றாலும் அவர்கள் இன்னும் 'மேலே'. தங்கராஜின் வீட்டில் நாலு காசு வருகிறது. என்றாலும் இன்னும் 'கீழே'. வருமானம் மாறி ஒரு தலைமுறை ஆனபிறகுதான் அந்தஸ்து மாறுகிறது. அந்த இடைவெளியில் மனிதர்கள் படும் பாடுதான் நாவல்.

அரசியல் கட்சிகள் வேர் விடுவதும் அதே இடைவெளியில்தான் என்று எனக்குப் படுகிறது. கையில் காசு வந்துவிட்டது, மரியாதை இன்னும் வரவில்லை என்று இருப்பவனுக்குக் கட்சி ஒரு குறுக்குவழி. மரியாதை இருக்கிறது, காசு போய்விட்டது என்று இருப்பவனுக்கு அது ஒரு ஊன்றுகோல். ஹெப்சிபா கட்சியை எழுதவில்லை. ஆனால் ஒரு கட்சிக்காரன் பிறக்கும் வீட்டை எழுதிவிட்டார்.

5

இரண்டு வருடம் கழித்து, 1966ல், சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. அதில் தேர்தலே வருகிறது. சந்திப்பில் நிற்கும் புளியமரம், அதைச் சுற்றிக் கடைகள், கடைக்காரர்களின் போட்டி. தாமுவும் காதரும் வியாபாரிகள். அவர்களுடைய போட்டி நகராட்சிக்குள் போகிறது, பத்திரிகைக்குள் போகிறது, கடைசியில் மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்பது ஊர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. மரத்தை வெட்டவிடாமல் இருக்க அதைத் தெய்வமாக்கும் கட்டம் வருகிறது. 1982ல் மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது. 1996ல் பத்மநாபபுரத்தில் வேலாயுதன் ஜெயித்துத் தமிழ்நாட்டின் முதல் பாரதிய ஜனதா சட்டமன்ற உறுப்பினரானார். இதையெல்லாம் பார்த்துவிட்டு இன்று அந்தக் கட்டத்தைப் படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

சு.ரா. கண்டுகொண்டது இது: இந்த ஊரில் கொள்கை கடைத்தெருவில் இருந்துதான் கிளம்புகிறது. ஒரு வியாபாரிக்கு இன்னொரு வியாபாரி மேல் இருக்கும் பொறாமை பொதுநலமாகவும் பக்தியாகவும் உடை மாற்றிக்கொண்டு மேடையேறுகிறது. இது கூர்மையான பார்வை. கட்சி அரசியலைப் பற்றித் தமிழ் நவீனத்துவத்துக்கு இருந்த பார்வையும் ஏறக்குறைய இதுதான். கட்சி என்பது வேஷம். வேஷத்துக்குப் பின்னால் இருப்பது சுயநலம். எழுத்தாளன் வேஷத்தைக் கலைத்துக் காட்டுவான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேஷம் போடுகிறவர்கள் தாமுவும் காதரும். சரி, அந்த வேஷத்தைப் பார்த்துக் கூடும் கூட்டம்? நாவலில் அது கூட்டமாகவே இருக்கிறது. வேடிக்கை பார்க்கிறது, உணர்ச்சிவசப்படுகிறது, கலைகிறது. தாமுவுக்குப் பின்னால் நிற்கும் ஒரு சுமட்டுக்காரனின் வீட்டுக்குள் நாவல் போவதில்லை. அவனுக்குத் தாமுவின் வியாபாரத்தில் பங்கு இல்லை. பிறகு ஏன் நிற்கிறான்? சு.ரா.வின் அங்கதத்துக்கு இந்தக் கேள்வி தேவைப்படவில்லை. கன்சாஸைப் பற்றி ஃபிராங்க் செய்த தவறுக்கு நம் நவீனத்துவத்தின் வடிவம் இது: மேலே இருப்பவன் சூழ்ச்சிக்காரன், கீழே இருப்பவன் கூட்டம்.

6

ஜெயமோகனின் 'ரப்பர்' 1990ல் வந்தது. பொன்னு பெருவட்டரில் தொடங்கி மூன்று தலைமுறை. காட்டையும் வாழைத்தோட்டத்தையும் அழித்து ரப்பர் வைத்து ஏறிய குடும்பம், அதன் இறக்கம். அதற்கு முன்னால் நிலத்தை ஆண்ட நாயர் குடும்பத்தின் வீழ்ச்சியும், காட்டுக்கு உரிய காணிக்காரரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு மரம் எப்படி ஒரு வர்க்கத்தை உருவாக்கியது என்பதைத் தமிழில் வேறு எந்த நாவலும் இவ்வளவு அடர்த்தியாகச் சொன்னதில்லை. சூழலியல் நாவல் என்று அதைச் சொல்வார்கள். எனக்கு அது முதலில் ஒரு சொத்து நாவல்.

சொத்தை எழுதும் நாவலுக்கு இயல்பாகவே குடும்பம்தான் மையம். ஏனென்றால் சொத்து குடும்பத்தில்தான் தங்குகிறது. அதனால் பால்வெட்டுகிறவன் அதில் விளிம்பில்தான் வர முடியும். ஆனால் குமரியின் ரப்பர் பெருவட்டர்களின் ரப்பர் மட்டும் இல்லை. ஐம்பது சென்ட் விளையில் ரப்பர் வைத்திருக்கிறவன் காலையில் தன் மரத்தை வெட்டிவிட்டு, பிறகு அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு வெட்டப் போகிறான். ரப்பர் விலை ஏறினால் முதலாளியாகச் சந்தோஷப்படுகிறான். கூலி ஏறினால் தொழிலாளியாகச் சந்தோஷப்படுகிறான். இன்னொரு பக்கம், கீரிப்பாறை, கோதையாறு பக்கம் அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்கள். அவர்களுக்கு ஐம்பது சென்ட்டும் இல்லை. இவர்கள் எல்லோரையும் 'ரப்பர் தொழிலாளி' என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, ஏன் இவர்கள் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை என்று கேட்பதில் என்ன அர்த்தம்? வர்க்கக் கோடு இங்கே இரண்டு மனிதர்களுக்கு நடுவில் ஓடுவதைவிட ஒரே மனிதனுக்குள்ளே ஓடுகிறது. அந்த ஐம்பது சென்ட்காரனை மையமாக வைத்த நாவல் வந்தால் அது பெருவட்டர் குடும்பத்துக் கதையைவிடச் சிக்கலானதாக இருக்கும்.

பொன்னீலனின் 'புதிய தரிசனங்கள்' 1992ல் வந்தது, 1994ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அவசரநிலைக் காலம் அதன் களம். கட்சியை நேரடியாக எடுத்துக்கொண்ட நாவல். அவசரநிலையை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. இடதுசாரி இலக்கிய இயக்கத்துக்குள்ளேயே இருந்த ஒருவர் அந்தக் காலத்தை எழுத எடுத்துக்கொண்டது துணிச்சலான காரியம்தான். ஆனால் அங்கே கட்சி வருவது கொள்கையாக, விவாதமாக, போராட்டமாக. ஒருவன் படிக்கிறான், கேட்கிறான், தெளிகிறான், சேர்கிறான். முற்போக்கு நாவலின் பாதை இது. சிலர் அப்படித்தான் கட்சிக்கு வருகிறார்கள் என்பதும் உண்மை. பெரும்பாலானவர்கள் அப்படி வருவதில்லை.

ஆக நம்மிடம் இருப்பவை: கட்சி வருமுன் இருந்த வீடு (ஹெப்சிபா), கட்சி என்ற வேஷம் (சு.ரா.), கட்சி தேவைப்படாத சொத்து வரலாறு (ஜெயமோகன்), கட்சி என்ற கொள்கை (பொன்னீலன்). நான்கும் முக்கியமான நாவல்கள். நான்கிலும் இல்லாதது, கட்சி என்ற உறவு.

7

என் உறவில் ஒரு மாமி முப்பது வருடத்துக்கு மேல் அண்டியாபீஸில் வேலை பார்த்தார். தோட்டின் எண்ணெய் பட்டு விரல்நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும். கிலோ கணக்குக்குத்தான் கூலி. செங்கொடி யூணியனில் மெம்பர். சந்தா ஒழுங்காகக் கட்டுவார், ஸ்டிரைக் என்றால் ரோட்டில் போய் உட்காருவார். ஓட்டு மட்டும் காங்கிரஸுக்கு. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போது, மார்க்ஸை ஒரு சின்னப் புத்தகத்தில் படித்த ஜோரில், இது முரண்பாடு இல்லையா என்று அவரிடம் கேட்டேன்.

"மக்ளே, கூலி கூட்டிக் கேக்கதுக்கு கொடி வேணும். செத்தா எடுக்கதுக்கு ஆளு வேணும்லா" என்றார்.

இந்த வாக்கியத்தில் முரண்பாடு இல்லை. அவர் இரண்டு கணக்குகளை இரண்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். யூணியன் அவருக்கு ஃபேக்டரி வாசல் வரை. அதற்கு வெளியே சபை இருக்கிறது, சபையில் கல்யாணம் இருக்கிறது, அடக்க ஆராதனை இருக்கிறது, சீட்டுப் பணம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு ஓட ஜீப் வைத்திருக்கும் உறவுக்காரர் இருக்கிறார். அந்த உலகத்தின் பெயர் காங்கிரஸ். அவர் ஓட்டுப் போட்டது ஒரு வேட்பாளருக்கு இல்லை, தன்னைத் தூக்கிச் செல்லப் போகிற நாலு பேருக்கு. இன்னொரு தெருவில் இதே வேலை செய்த இன்னொரு பெண்ணுக்கு, 1982க்குப் பிறகு, அந்த நாலு பேரின் பெயர் வேறாக இருந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் கிலோவுக்கு ஒரே கூலி.

இது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. இந்த இரண்டு நோட்டுப் பழக்கத்தால்தான் அண்டியாபீஸ் கூலி ஃபேக்டரி வாசலைத் தாண்டி ஊரின் பிரச்சினையாக ஆகாமலே இருந்தது. முதலாளியும் அதே சபையில் முன்வரிசையில் இருந்தால் அடக்கத்துக்கு அவரும்தான் வருவார். மாமிக்குக் கிடைத்த பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு, அதை அவர் கூலியாகக் கட்டினார். அவருக்கு அது தெரியாது என்று நினைப்பவர்கள் அவரோடு பேசியதில்லை. நன்றாகத் தெரிந்துதான் கட்டினார்.

2016ல் ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் லூசியானாவில் ஐந்து வருடம் பழகி எழுதிய புத்தகம் வந்தது. ரசாயன ஆலைகள் நாசமாக்கிய ஆறுகள், புற்றுநோய். என்றாலும் அந்த மக்கள் சுற்றுச்சூழல் கட்டுப்பாடுகளை எதிர்க்கும் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஹோக்ஷீல்ட் அவர்களைத் திருத்தப் போகவில்லை. அவர்கள் மனதில் ஓடும் ஆழ்கதை என்ன என்று கேட்டார். ஒரு குன்றின் மேலே ஏறும் நீண்ட வரிசை. உச்சிக்கு அந்தப்பக்கம் நல்ல வாழ்க்கை. வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. யார் யாரோ முன்னால் வந்து புகுகிறார்கள், அரசாங்கம் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. இதுதான் கதை. உண்மையா பொய்யா என்பது வேறு விஷயம். அந்தக் கதையை எழுதி அவர்களிடமே காட்டி, இதுதானா என்று கேட்டிருக்கிறார். ஒரு நாவலாசிரியர் செய்ய வேண்டிய வேலையை ஒரு சமூகவியலாளர் செய்திருக்கிறார்.

நாவலால் முடியாது என்பதில்லை. லூசியானாவின் ஹியூயி லாங்கை மாதிரியாகக் கொண்டது என்று பொதுவாகச் சொல்லப்படும் 'ஆல் த கிங்ஸ் மென்' 1946ல் வந்தது. ராபர்ட் பென் வாரன் எழுதியது. ஏழைகளின் தலைவனாக எழும் வில்லி ஸ்டார்க்கின் கதையை ஜாக் பர்டன் சொல்கிறான். அவன் வசதியான பழைய குடும்பத்துப் பையன். தன் வர்க்கத்தை விட்டுவிட்டு ஸ்டார்க்கிடம் வேலைக்குப் போகிறான். ஏன் போனான் என்பதை அவனாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தவிப்புதான் நாவலை நிறுத்தி வைத்திருக்கிறது.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 1945ல், வங்கத்தில் சதிநாத் பாதுரியின் 'ஜாகரி' வந்தது. 1942 போராட்டத்தில் மாட்டிய மூத்த மகன் பிலுவுக்கு விடிந்தால் தூக்கு. தந்தை காந்தியவாதி, அதே சிறையில். தாயும் சிறையில். பிலு காங்கிரஸ் சோஷலிஸ்ட். தம்பி நீலு கம்யூனிஸ்ட், அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவன், வெளியே காத்திருக்கிறான். ஒரே இரவு, நான்கு மனங்கள். அங்கே கட்சி என்பது ஒருவன் மகனாக இருக்கும் விதம், தம்பியாக இருக்கும் விதம். கொள்கையைக் கழித்துவிட்டால் அந்தக் குடும்பம் இல்லை. குடும்பத்தைக் கழித்துவிட்டால் அந்தக் கொள்கைகளுக்கு உயிர் இல்லை. நான் 'உறவு' என்று சொன்னது இதைத்தான்.

8

ஒரு எதிர்வாதம் வரும். நாவல் எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டுமா? எழுதாததைச் சொல்லிக் குறை கூறுவது விமர்சனமா? நியாயமான கேள்வி. லிஸியின் வீட்டில் ஏன் தேர்தல் வரவில்லை என்று ஹெப்சிபாவிடம் கேட்பது அபத்தம். நான் கேட்பது நாவலாசிரியர்களிடம் குறைவாகவும் வாசகர்களான நம்மிடம் அதிகமாகவும்தான். 'அரசியல் நாவல்' என்ற பட்டியலை நாம் எப்படிப் போடுகிறோம்? தோழர்கள் வர வேண்டும், விவாதம் வர வேண்டும், துரோகம் வர வேண்டும், கடைசியில் ஒருவன் நம்பிக்கை இழக்க வேண்டும். இந்த வார்ப்பில் வராததெல்லாம் குடும்ப நாவல், வட்டார நாவல், சூழலியல் நாவல். 'புத்தம் வீடு' வட்டார நாவல் அலமாரியில் அறுபது வருடமாக இருக்கிறது. அந்தஸ்தும் வருமானமும் பிரியும் இடத்தைக் காட்டும் ஒரு நாவலை அரசியல் நாவல் என்று வாசிக்க நமக்குத் தோன்றவே இல்லை.

அந்த வார்ப்பு யாருடையது என்று கேட்டால் படித்தவர்களுடையது. கொள்கையைப் படித்து, நம்பி, ஏமாந்து, அதைப் பற்றி எழுதத் தெரிந்தவர்களுடைய அனுபவம் அது. எனக்கும் பிடித்தமான அனுபவம்தான். ஆனால் அதை மட்டுமே அரசியல் என்று வைத்துக்கொண்டால், கட்சியை நம்பாமலேயே ஐம்பது வருடம் ஒரே கட்சியில் இருப்பவர்கள், நம்பிக்கொண்டே வேறு கட்சிக்குப் போடுகிறவர்கள், இரண்டு நோட்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இலக்கியத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். வெளியே போனவர்களைப் பற்றி நாம் தேர்தல் முடிவன்று ஒரு வரி எழுதுகிறோம். ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி, 'இவளுக்குப் புத்தி இல்லை, காசு கொடுத்தார்கள், போட்டுவிட்டாள்' என்று ஒரு சிறுகதை எழுதினால் எந்த இணைய இதழும் போடாது. தட்டையான பாத்திரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிஜ மனிதர்களுக்கு அந்த அளவு சலுகையாவது தரலாம்.

எனக்கு வாசிக்க ஆசையாக இருக்கும் நாவலில் 1969 ஜனவரி இருக்க வேண்டும். காமராஜர் வந்திருக்கிறார் என்று ஊரே திரண்டிருக்கும் ஒரு பொதுக்கூட்டம். ஒரு பனையேறி, அவருக்கு அக்கானி விலையில் பாக்கி வைத்திருக்கும் வியாபாரி, கழகத்தில் சேர்ந்துவிட்ட அவருடைய மகன், அண்டியாபீஸுக்குப் போகும் மருமகள். நான்கு பேரும் ஒரே மைதானத்தில், வேறு வேறு மூலைகளில். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் சாப்பிடும்போது அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்று தெரிந்தால் போதும். அந்த மைதானத்தில் நின்றவர்களில் சிலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. எழுதுகிறவர்கள் யாராவது போய்க் கேட்கலாம்.